மேல்பாதி வரிசைகள்

ஜூன் 4

பூஞ்சைக் குடுவையை மடியில் வைத்துக்கொண்டே பேருந்தில் வந்தேன். பக்கத்து இருக்கைப் பெண் என்ன மருந்து என்று கேட்டாள். உருளைக்கிழங்குக்கு என்றேன். எழுந்து வேறு இடம் பார்த்துக்கொண்டாள்.

போன வருடம் கருகல் நோய் வந்து அண்ணனின் தோட்டமே கறுத்து அழுகியது. இந்த முறையும் போனால் நிலத்தை விற்றுவிடுவதாகச் சொல்கிறான். நான் ஆய்வகத்தில் வளர்த்துக் கொண்டுவந்திருப்பது அந்த நோய்ப் பூஞ்சையைத் தின்னும் பச்சைப் பூஞ்சை. முள்ளை முள்ளால் எடுக்கிற வேலை.

ஜூன் 5

வாளியில் சர்க்கரைத் தண்ணீர் கரைத்துப் பூஞ்சையை ஊறவிட்டோம். சர்க்கரை மூட்டையை அறுத்த கத்தி அண்ணனின் கட்டைவிரலிலும் இறங்கிவிட்டது. ரத்தம் வாளிக்குள்.

"கொட்டிட்டு வேற கலக்கலாம்ண்ணே."

"போடி, ரெண்டு சொட்டுக்கு எவன் கொட்டுவான்?"

மேல்பாதிச் செடிகளுக்கு அதைத்தான் தெளித்தோம்.

ஜூன் 8

கீழ்ப்பாதிக்கு இரண்டாவது வாளி. அதே குடுவை, அதே சர்க்கரை, அதே கிணறு.

ஜூன் 19

விடாத மழைக்குப் பின் நோய் வந்துவிட்டது. பக்கத்துத் தோட்டம் கறுத்துக் கிடக்கிறது. எங்கள் கீழ்ப்பாதியும்தான். மேல்பாதியில் ஒரு இலைகூடக் கருகவில்லை. நடுவே யாரோ கயிறு பிடித்துக் கோடு போட்ட மாதிரி.

மண்ணா? காற்றுத் திசையா? அண்ணன் தன் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் கவனிக்காததுபோல் இருந்தேன்.

ஜூன் 20

அண்ணி கூப்பிட்டாள். "அந்தக் காயத்தைக் கொஞ்சம் பாரேன். சீழும் வைக்கல, ஆறவும் இல்ல."

வெட்டிப்போட்ட கிழங்கு காய்ந்ததுபோல் வாய் திறந்து கிடந்தது. ஓரத்தில் லேசான பச்சை. சோப்புப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. அழுத்திப் பார்த்தேன்.

"வலிக்கவே இல்ல" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜூன் 22

இரண்டு வாளிகளின் மிச்சத்தையும் தனித்தனிக் கண்ணாடித் தட்டில் நோய்ப் பூஞ்சையோடு வைத்திருந்தேன். இரண்டாவது வாளியுடையது சும்மா கிடக்கிறது. முதல் வாளியுடையது நோயைச் சுற்றி வளைத்துத் தின்று தீர்த்துவிட்டது. அதோடு நிற்கவில்லை. மூடி இடுக்கு வழியாக வெளியே வந்து, நான் உட்காரும் பக்கமாக வளர்ந்திருந்தது.

தட்டைத் திருப்பி வைத்தேன்.

சாயங்காலம் பார்த்தால் மறுபடி என் பக்கம். பயமா இருக்கு. யார்கிட்ட சொல்றது இதை? சொன்னா சிரிப்பாங்க.

ஜூன் 25

அண்ணனுக்கு மணிக்கட்டு வரை உணர்ச்சி இல்லை. தேநீர்க் கோப்பையைப் பிடித்துக்கொண்டு, "சூடா இருக்கா?" என்று என்னைக் கேட்கிறான். மருத்துவருக்கும் ஒன்றும் பிடிபடவில்லை. இன்னொரு வெட்டு விழுந்தால் கையே போய்விடும் என்று மட்டும் எச்சரித்தார்.

மேல்பாதியில் இன்று முதல் கரும்புள்ளி. மருந்தின் வீரியம் தீர்கிறது. அண்ணன் வீடெல்லாம் கத்தியைத் தேடுகிறான். அண்ணி அதை முந்தானைக்குள் மறைத்து என்னிடம் கொண்டுவந்தாள்.

"நீ படிச்சவ. நீயே ஒரு வழி சொல்லு."

ஜூன் 26

கத்தி என் மேசையில் இருக்கிறது. புது வாளியும் கலந்து வைத்திருக்கிறேன்.

ஜூலை 9

எழுத்து கோழி கிண்டின மாதிரி வருகிறது. இடது கைக்கு இன்னும் பழகவில்லை.

கீழ்ப்பாதியும் துளிர்த்துவிட்டது. அண்ணன் விரலில் காயம் மூடிவிட்டது. தேநீரை ஊதி ஊதிக் குடிக்கிறான். நிலத்தை விற்கிற பேச்சையே காணோம்.

என் கோப்பை சூடாக இருக்கிறதா என்று அண்ணிதான் தொட்டுப் பார்த்துச் சொல்கிறாள்.