அருவியில் அழிந்த மைக்கோடு

குற்றாலம்
4-11-1963

அன்புள்ள துல்கர்னைன் தம்பிக்கு,

நெல்லையப்பன் எழுதுவது. எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். முதியோர் பள்ளியில் சேர்ந்து மூன்று மாதந்தான் ஆகிறது. இந்தக் கடிதத்துக்கு இரண்டு பகல் பிடித்தது. ஆனாலும் என் பெயரை நானே எழுதிப் பார்க்கிற சுகம் தனி.

மதுரை ஆஸ்பத்திரியில் நம் இருவருக்கும் ஒரே புற்றுநோய், ஒரே மிஷின், டாக்டர் கதிர் என்கிற கரண்டும் ஒரே அளவு. என் கன்னத்துக் கட்டி கரைந்தது. உங்களுடையதில் பட்டாணி அளவு மிஞ்சிவிட்டது. வாய்ப்புண் ஆற நடுவில் பத்து நாள் வீட்டுக்கு அனுப்பினார்களே, அப்போது உங்களுக்கு எண்ணெய் தேய்த்து அருவியில் நிறுத்தியவன் நான். எண்ணெய் தேய்ப்பதுதானே என் தொழில். கரண்ட் படவேண்டிய இடத்தில் டாக்டர் போட்ட மைக்கோடு அழிந்தது. காய்ச்சல் என்று நான் குளிக்கவில்லை. அந்தக் குளியல்தான் உங்களைக் கெடுத்தது என்று உங்கள் வீட்டில் அலிமா சொல்வதாகக் கேள்விப்பட்டேன்.

டாக்டர் ஏசுவடியானிடமே போய்க் கேட்டேன்.

"கோட்டத்தான் மறுபடியும் போட்டமே, பெரியவரே! கட்டிக்குள்ள கோடிக்கணக்குல உயிரணு இருக்கு. எல்லாம் ஒண்ணுலேருந்து பெருகுனதுதான். ஆனாலும் ஒவ்வொரு அணுக்குள்ளயும் காயம் ஆத்துத சரக்கு நேரத்துக்கு நேரம் கூடும், குறையும். அதுக்கு ஒரு முறையும் கிடையாது. கரண்ட் படுத நேரம் எதுல கூடிக் கிடக்கோ, அது காயத்த ஆத்திக்கிட்டுப் பொழச்சிருதுன்னு நெனைக்கேன். முழுசா எங்களுக்கே தெரியாது. மிச்சத்த அறுத்து எடுக்கணும். மாசக் கடைசிக்குள்ள அவர வரச் சொல்லும்."

வாருங்கள் தம்பி.

அன்புடன்,
நெல்லையப்பன்

கடையநல்லூர்
12-11-1963

நெல்லையப்ப அண்ணாச்சிக்கு சலாம்.

உங்கள் கடிதத்தை அலிமாவுக்குப் படித்துக் காட்டினேன். "கரையில நின்னவருக்குக் கரைஞ்சிட்டு, தண்ணிக்குள்ள நின்னவருக்கு மிஞ்சிட்டு. டாக்டரு ஆயிரம் சொல்லுவாரு" என்கிறாள். எனக்கும் அப்படித்தான் படுகிறது. உங்கள்மேல் கோபமில்லை. வைத்தியத்தில் நம்பிக்கை போய்விட்டது. அறுக்க வரமாட்டேன். தறியில் பாவு கிடக்கிறது. இனி இதைப்பற்றி எழுத வேண்டாம்.

துல்கர்னைன்

மதுரை
20-11-1963

அன்புள்ள தம்பிக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். எழுதத் தெரிந்துவிட்டதே, என்ன செய்ய?

நேற்று டாக்டர் என் வாய்க்குள் விளக்கு அடித்துப் பார்த்தார். பழைய இடத்திலேயே தடித்திருக்கிறது. "உம்ம கட்டியிலயும் ஒண்ணு ரெண்டு அணு தப்பியிருக்கு, பெரியவரே" என்றார்.

கரண்ட் வைத்து முடிகிறவரை என் கன்னத்தில் சொட்டுத் தண்ணீர் பட்டதில்லை. என் மைக்கோடு கடைசிவரை அழியவும் இல்லை. இதை அலிமாவிடம் சொல்லுங்கள். பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் உங்களைக் கெடுத்தது நான் இல்லை என்று தெரிந்தபின் வயிறாரச் சாப்பிட்டேன்.

திங்கட்கிழமை எனக்கு அறுக்கிறார்கள். பக்கத்துக் கட்டில் காலி. ஆள் வருகிறது என்று நர்ஸம்மாவிடம் சொல்லி, என் துண்டைப் போட்டு இடம் பிடித்து வைத்திருக்கிறேன்.

அறுத்தபின் கொஞ்ச நாள் பேச முடியாதாம். அதனால் அடுத்த வாரமும் எழுதத்தான் போகிறேன். தபாலில் போடுவதா, கையில் தருவதா என்பதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அண்ணாச்சி,
நெல்லையப்பன்