ஆற்றங்கரைப் பாடம்

ரிங்லெட்,
12.8.1978

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பழங்கால மக்கள் குடியேறியது பற்றிய பாடத்தைப் பயிற்சிக் கல்லூரியில் நடத்திக் காட்ட வேண்டும், "உன் சரித்திரப் புத்தகத்தை அனுப்பு, இனி உனக்குத் தேவைப்படாதுதானே" என்று எழுதியிருந்தாய். இத்துடன் அனுப்பியிருக்கிறேன். முதல் பக்கத்தில் இருந்த என் பேரை அழித்துவிட்டேன்.

அனுப்பும் முன் அந்தப் பாடத்தை மறுபடி படித்தேன். ஆறும் வெயிலும் நல்ல மண்ணும் பார்த்துத்தான் மனிதர்கள் குடியேறினார்களாம். நம் மலையில் குளிரைப் பார்த்துத் தேயிலையை நட்டார்கள். தேயிலைக்காக நம்மைக் கொண்டுவந்தார்கள். வெயில் படும் மேட்டில் துரை பங்களா. பத்து மணிவரை பனி விலகாத பள்ளத்தில் நம் லயத்து வீடுகள். அந்த ஈரத்தில்தான் அப்பாவுக்கு நெஞ்சு கெட்டது.

நீ கல்லூரிக்குக் கிளம்பிய மறுவாரமே கங்காணி அப்பாவைத் தேடி வாசலுக்கு வந்துவிட்டார்.

"சின்னையா, உன்னால முடியல. மவனும் படிக்கப் போயிட்டான். வீட்டுக்கு ஒரு ஆளாவது கொழுந்து எடுக்க வரணும் லா. இல்லாட்டி வீட்டக் காலி பண்ணச் சொல்லிட்டாரு ஆபீஸ் கிராணி."

அப்பா இருமிக்கொண்டே இருந்தார். கதவுக்குப் பின்னாலிருந்து, "நான் வர்றேன்" என்றேன்.

"அட, இந்தப் புள்ளைக்குப் பேச்சு வருமா!" என்று கங்காணி சிரித்தார்.

எப்படியும் பள்ளியை விடத்தான் இருந்தேன், எனக்குப் படிப்பு ஏறவில்லை என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். தீபாவளிக்கு வந்தால் நீயும் அப்படியே சொல். நீ முன்பே அப்படித்தான் நினைத்திருப்பாய்.

இப்படிக்கு,
உன் தங்கை