மோட்டார் வராத வழி

6 பிப்ரவரி 1938, ஞாயிறு.

மோட்டார் தொல்லையில்லாமல் சைக்கிளில் சுற்ற ஒரு வழி காட்டச் சொன்னார் ஆபீஸ் மானேஜர். அயனம்பாக்கம் ஏரிக்கரை வழியாக அழைத்துப் போனேன்.

ஊர்த்தெருவில், அப்பா வேலை செய்யும் வயலின் சொந்தக்காரர் என் ஹாண்டில்பாரைப் பிடித்து நிறுத்தினார்.

"சேரிக்காரன் எங்க தெருவுல சைக்கிள் மேல குந்திகினு வர்றியா? எறங்கித் தள்ளிகினு போடா."

மானேஜர் இறங்கவில்லை. நான் தெருக்கோடி வரை தள்ளிக்கொண்டே நடந்தேன். வாசலில் நின்ற பெண்கள் சிரித்தார்கள்.

"உன்னால லேட்டாயிடுச்சு," என்றார் மானேஜர். "ஆனா ரொம்ப அமைதியான வழிப்பா. அடுத்த ஞாயிறும் இதுலயே வரலாம்."

திரும்பும்போது பூந்தமல்லி ரோட்டில் ஒரு லாரிக்காரன், "ஓரமாப் போடா கஸ்மாலம்," என்று கத்திப் புழுதியை வாரியடித்துவிட்டுப் போனான். அவன்கூட என்னை இறங்கச் சொல்லவில்லை.