வேண்டாங்க என்று சொல்லிவிட்டேன்

கந்தர்வக்கோட்டை,
வியாழக்கிழமை.

அன்புள்ள இசைவாணிக்கு அக்கா எழுதுவது. சொர்ணவல்லி கையில் கடிதம் வந்திருக்கிறது என்றதுமே உனக்குத் திக்கென்று இருந்திருக்கும், அதனால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன், இங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. அப்பா இன்னும் ஒடிசாவில்தான் போர் போடுகிற வண்டியோடு இருக்கிறார், செவ்வாய்க்கிழமை பேசினார், வயிற்றுவலி இப்போது இல்லையாம். ஆடு இரண்டும் நன்றாக இருக்கின்றன, சின்னது சினையாக இருக்கிறது. நீ எப்படி இருக்கிறாய், பஞ்சுத் தூசியில் வந்த இருமல் நின்றதா, சுடுதண்ணீர் கேட்டு வாங்கிக் குடிக்கிறாயா. கேட்பதற்குக் கூச்சப்படாதே. நான் கூச்சப்பட்டுக்கொண்டு ஒரு காரியம் செய்துவிட்டேன், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஞாயிற்றுக்கிழமை வார்டன் போனில் உனக்குக் கிடைப்பது மூன்று நிமிடம், பின்னால் இருபது பேர் நிற்பார்கள், அதற்குள் இதைச் சொல்ல எனக்கு வாய் வராது, அழுதுவிடுவேன், நேரமும் போய்விடும். ஷிப்டு முடிந்து சாப்பிட்ட பிறகு தனியாக உட்கார்ந்து படி. வெறும் வயிற்றோடு படிக்காதே.

திங்கட்கிழமை காலையில் கொட்டகையில் முந்திரி உடைத்துக்கொண்டிருந்தேன், கையெல்லாம் சாம்பலும் கொட்டை எண்ணெயும். போன் அடித்தது. தெரியாத நம்பர். தெரியாத நம்பர் வந்தால் எனக்கு நெஞ்சு எப்படி அடித்துக்கொள்ளும் என்று உனக்குத் தெரியும். எடுத்தால் ஒரு பொம்பளைக் குரல், வேகமாக, மேடம் வணக்கம் நாங்க தஞ்சாவூர்ல இருந்து என்று ஆரம்பித்தது, முடிப்பதற்குள் நான் வேண்டாங்க என்று சொல்லி வைத்துவிட்டேன். லோன் வேணுமா, மனை வேணுமா, கார்டு வேணுமா என்று வாரத்துக்கு நாலு பேர் கூப்பிடுகிறார்கள், எல்லாருக்கும் நான் அதைத்தான் சொல்கிறேன். கொஞ்ச நேரத்தில் அதே நம்பர் மறுபடியும் வந்தது. இந்தத் தடவை உன் பேரைச் சொன்னார்கள், உன் மார்க்கைக் கூடச் சொன்னார்கள். பேர் ஊரெல்லாம் தெரிந்து வைத்துக்கொண்டுதான் ஏமாற்றுவார்கள் என்று கிராமசபையில் மைக்கில் சொன்னது எனக்கு அந்த நேரத்தில்தானா நினைவுக்கு வர வேண்டும். எங்களுக்கு எதுவுமே வேண்டாங்க, இனிமே கூப்பிடாதீங்க என்று சொல்லிவிட்டேன் இசை. வேற்று ஆளிடம் நான் இவ்வளவு நீளமாகப் பேசியதே கிடையாது. பக்கத்தில் உடைத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள், ஏ ரஞ்சிதாவுக்கு வாய் மொளைச்சிருச்சுடி என்றார்கள். எனக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

மறுநாள்தான் மெசேஜ் வந்தது. இங்கிலீஷில் இருந்தது, உன் பேர் மட்டும் எனக்குப் புரிந்தது, அதோடு கணக்குப் பாடத்தின் பேரும். உங்கள் மில்லில் இருந்து லீவில் வந்திருந்த சொர்ணவல்லியிடம் ஓடிப்போய்க் காட்டினேன். அவள் படித்துவிட்டு, ஏண்டி, இசை காலேஜ் வேணாம்னு சொல்லிட்டாளா என்று கேட்டாள். இல்லையே, அவ எதுக்கு வேணாங்கப் போறா என்றேன். இதுல அப்படித்தான் போட்டிருக்கு, விருப்பமில்லைன்னு சொல்லிட்டீங்களாம், ஒங்க பேரை எடுத்துட்டாங்களாம் என்றாள். நான் அப்படியே அவர்கள் வாசலில் உட்கார்ந்துவிட்டேன். வெயிட்டிங் லிஸ்டில் மூன்றாவது பேராக நீ வந்த அன்றைக்கு, மூணே பேருதானக்கா, மூணு பேரு மனசு மாறினாப் போதும் என்று சொல்லிவிட்டுத்தான் மில்லுக்கு வண்டி ஏறினாய். உன் முறை வந்திருக்கிறது, அந்த நேரம் பார்த்து நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பெற்றோர் நம்பர் என்ற இடத்தில் என் நம்பரை எழுதியபோதே நான் பயந்தேன், அப்பா நம்பர் அங்கே எடுக்காதுக்கா, நீதான எனக்கு எல்லாம் என்றாய். அந்த விண்ணப்பத்தை நீ எழுதியதை விட நான் அதிகமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன், இப்படி ஆக்கிவிட்டேனே.

அப்பாவுக்குச் சொன்னேன். சத்தமாக மிஷின் ஓடிக்கொண்டிருந்தது, அவருக்குப் பாதிதான் கேட்டிருக்கும், நீ பாத்துக்க ஆத்தா, ஒனக்குத் தெரியாததா என்று சொல்லி வைத்துவிட்டார். சித்தப்பாவிடம் சொன்னதற்கு, இந்தா பாரு ரஞ்சி, கிடைக்கலைன்னா விடு, அது மில்லுல நல்லாத்தான இருக்கு, ரெண்டு வருசம் போகட்டும், மாப்பிள்ளை பாப்போம் என்றார். எனக்கு வந்த பயத்தில் கோபம் கூட வரவில்லை. புதன்கிழமை காலையில் நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பியதும் வண்டியைத் திருப்பி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கொண்டுவந்து விட்டவரும் அவர்தான், அதையும் எழுத வேண்டும். போயி வாயத் தொறந்து பேசு, மரம் மாதிரி நிக்காத என்று சொல்லி அனுப்பினார்.

மரம் மாதிரித்தான் நின்றேன். பத்து மணிக்குத் தஞ்சாவூர் காலேஜுக்குப் போனவள், அட்மிஷன் ரூம் வாசலில் வருகிறவர்களுக்கெல்லாம் வழி விட்டுவிட்டு ஒன்றரை மணி வரைக்கும் நின்றுகொண்டே இருந்தேன். எல்லாரும் அப்பா அம்மாவோடு வந்திருந்தார்கள், எல்லாருக்கும் அவசரம் இருக்கும் போல் தெரிந்தது. சாப்பிடப் போவதற்கு வெளியே வந்த மேடம்தான், யாரும்மா நீ, காலையில இருந்து நிக்கிற என்று கேட்டார்கள். அந்தக் குரல் எனக்குத் தெரிந்துவிட்டது இசை, போனில் கேட்ட அதே குரல். நான் போனை எடுத்து அந்த மெசேஜைக் காட்டினேன். பார்த்துவிட்டு, நீதானா அந்த எதுவுமே வேணாம்னு சொன்னது, நான் அவங்க அம்மான்னுல்ல நெனச்சேன், நீ சின்னப் புள்ளையா இருக்கியே என்றார்கள். திட்டியிருந்தால் கூடத் தாங்கியிருப்பேன், அவர்கள் திரும்பப் போய் நாற்காலியில் உட்கார்ந்து ரிஜிஸ்டரை எடுத்தார்கள், எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

இனிமேல் எழுதுவதைக் கவனமாகப் படி, இரண்டு தடவை படி. நான் வேண்டாம் என்றதும் அவர்கள் உனக்கு அடுத்து இருந்த பெண்ணைக் கூப்பிட்டுவிட்டார்கள், அந்தப் பெண் சரி என்று சொல்லியிருக்கிறது. அது சர்டிபிகேட்டோடு வருகிற திங்கட்கிழமை பதினோரு மணிக்குள் வந்தால் கணக்கு அதற்குத்தான். வராவிட்டால் திரும்பவும் உன் பேர், அதற்கு நான் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். வரும் என்றுதான் மேடம் நினைக்கிறார்கள், ஆனால் வேறு காலேஜிலும் அது விண்ணப்பம் போட்டிருக்கிறதாம், சொல்ல முடியாதும்மா என்றார்கள். இன்னொன்று, புவியியலில் ஒரு இடம் காலியாக இருக்கிறது, அது உனக்குக் கிடைக்கும், ஆனால் அதைத் திங்கட்கிழமை பத்தரை மணிக்குள் சொல்லியாக வேண்டும், எடுத்துக்கொண்டால் கணக்கு லிஸ்டில் இருந்து பேரை அடித்துவிடுவார்கள். கணக்கு கிடைக்குமா இல்லையா என்று தெரிவது பதினோரு மணிக்கு, புவியியல் வேண்டுமா என்று சொல்ல வேண்டியது பத்தரைக்கு. அந்த அரை மணி நேரத்தில்தான் நாம் மாட்டிக்கொண்டிருக்கிறோம். ஒங்களுக்கு புவியியல் வேணுமா வேணாமா, இப்பவே சொல்லு என்று மேடம் கேட்டபோது எனக்கு வேண்டாங்க என்பது நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. எனக்கு எப்போதும் அந்த வார்த்தைதான் முதலில் வரும். அம்மா இறந்துபோன வருஷம், பத்தாவது வர்றியாம்மா, நான் பீஸ் கட்டுறேன் என்று டீச்சர் வீடு தேடி வந்து கேட்டபோது, கூடத்தில் அத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்களே என்று வெட்கப்பட்டு, வேண்டாம் டீச்சர் என்றுதான் சொன்னேன், நீ கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு கேட்டாய். நேற்று துப்பட்டாவை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டு, படிக்கப்போறது அவ மேடம், கேட்டுட்டு வந்து சொல்றேன் என்றேன். கேக்கத்தாம்மா முந்தாநாளு ரெண்டு தடவை போன் போட்டேன் என்று சிரித்துவிட்டு, சரி, திங்கக்கிழமை பத்தரை, ஒரு நிமிஷம் தாண்டப்படாது என்றார்கள்.

புவியியல் என்றால் என்ன படிப்பார்கள் என்று எனக்குத் தெரியாது, பஸ் ஸ்டாப்பில் நின்ற ஒரு பெண்ணிடம் கேட்டேன், நானாகப் போய்க் கேட்டேன். அது இரண்டாவது வருஷமாம். மண்ணு, மழை, மேப்பு எல்லாம் இருக்கும்க்கா, கணக்கும் கொஞ்சம் வரும், வாத்தியாருக்கும் படிக்கலாம், கவர்மெண்டு பரீட்சையும் எழுதலாம், ஆனா நான் மொதல்ல ஒரு மாசம் அழுதேன் என்றது. நீ காலண்டர் தாளின் பின்பக்கமெல்லாம் கணக்குப் போட்டு வைத்தவள், அதை நான் இன்னும் எடுத்துப்போடவில்லை, உனக்குக் கணக்குத்தான் என்று எனக்குத் தெரியும். புதுக்கோட்டை காலேஜிலும் மிச்ச இடங்களுக்குக் கடைசியாக ஒரு நாள் கூப்பிடுவார்களாம், எந்தப் பாடம் இருக்கும் என்று யாருக்கும் தெரியவில்லை. அடுத்த வருஷம் திரும்பப் போடலாம் என்று சொர்ணவல்லி சொல்கிறாள், அடுத்த வருஷம் என்று சொன்னவர்கள் யாரும் திரும்பப் போட்டு நான் பார்த்ததில்லை. கணக்கு என்று நீ சொல்லி அந்தப் பெண்ணும் வந்துவிட்டால் என்ன செய்வது என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை, பயந்துபோய் புவியியலை எடுத்துவிட்டு, பதினோரு மணிக்கு அந்தப் பெண் வரவில்லை என்று தெரிந்தால் அதற்கப்புறம் உன் முகத்தை எப்படிப் பார்ப்பது என்றும் பயமாக இருக்கிறது. அதனால்தான் இதை நான் சொல்ல மாட்டேன். ஒரு தடவை உனக்குப் பதிலாக நான் சொன்னது போதும்.

ஞாயிற்றுக்கிழமை போனில் விளக்கமெல்லாம் வேண்டாம். கணக்கு என்று சொல், இல்லை புவியியல் என்று சொல், எனக்கு அந்த ஒரு வார்த்தை போதும், ஏன் என்று கேட்க மாட்டேன். திங்கட்கிழமை முதல் பஸ்ஸுக்குப் போய்விடுவேன், இந்தத் தடவை யாருக்கும் வழி விட மாட்டேன். ஆனால் மூன்றாவதாக ஒன்றை மட்டும் சொல்லிவிடாதே. பேசாம இங்கேயே இருந்திரலாம் போல இருக்கு என்று நீ ஹாஸ்டலில் சொன்னதாகச் சொர்ணவல்லி சொன்னாள். நீ விளையாட்டுக்குச் சொன்னாய் என்றுதான் அவள் சொன்னாள், எனக்குத்தான் மனசு அடங்கவில்லை. என் மேல் கோபத்தில் சொல்லிவிடுவாயோ, இல்லை நான் பயப்படக் கூடாது என்று பாவம் பார்த்துச் சொல்லிவிடுவாயோ, எதுவென்று தெரியவில்லை. திட்ட வேண்டும் என்றால் நன்றாகத் திட்டு, மூன்று நிமிடமும் திட்டு, கடைசியில் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிடு.

இப்போதெல்லாம் போனை ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டுதான் கொட்டை உடைக்கிறேன், எந்த நம்பர் வந்தாலும் சொல்லுங்க என்கிறேன். இன்றைக்குக் காலையில் ஒரு பெண் ஏதோ கார்டு பற்றிப் பத்து நிமிடம் பேசினாள், முழுவதும் கேட்டேன், எங்கே நடுவில் உன் பேர் வந்துவிடுமோ என்று. கடைசியில், மேடம் நீங்க ரொம்பப் பொறுமையாக் கேக்குறீங்க என்று சந்தோஷப்பட்டாள், அதற்கப்புறம்தான் வேண்டாங்க என்று சொன்னேன், பாவமாக இருந்தது.

சொர்ணவல்லியிடம் உன் பச்சைச் சுடிதாரும் மிளகாய்ப்பொடியும் கொஞ்சம் வறுத்த பருப்பும் கொடுத்திருக்கிறேன், ரூமில் எல்லாருக்கும் கொடு, நீ தின்னாமல் கொடுத்துவிடாதே. தலைக்கு எண்ணெய் வை. அம்மாவைக் கும்பிட்டுக்கொள், நீ நன்றாக இருப்பாய், எது கிடைத்தாலும் நன்றாகப் படிப்பாய், எனக்கு அதில் மட்டும் பயமில்லை. ஞாயிறு உன் முறை வரும்போது போன் முதல் மணி அடிக்கும்போதே எடுப்பேன்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். எழுதிக் கொடுத்த தாளில் கையெழுத்துப் போடும்போது, உன் ரேங்க் கார்டில் போடுவேனே, அதே மாதிரி அப்பா பேரை எழுதப் போனேன். மேடம் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பதினெட்டு முடிஞ்சிருச்சா என்று கேட்டார்கள். பத்தொம்பதுங்க என்றேன். அப்ப ஒன் பேரையே போடு, நீதான பாக்குற என்றார்கள். அச்சடித்திருந்த இடத்துக்குக் கீழே என் பேரை எழுதினேன், எழுத்துக் கோணலாகத்தான் வந்தது. இதிலும் அப்படியே போடுகிறேன்.

பெற்றோர் / பாதுகாவலர்,
வெ. ரஞ்சிதா