நல்ல சேதிக்குக் கொடுத்த சாவி

கராகோல், ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் கனிபெக்குக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் இருக்கிறபடி இருக்கிறோம். நீயும் நஸ்கென்னும் பச்சைப்பிள்ளையும் மாஸ்கோ குளிரில் நலமாக இருக்க வேண்டும், அந்த வேண்டுதலை என் கோபம் தொடாது. போனில் பேசினால் கத்திவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

போன வாரம் உன் ஜபார் மாமா வாசலிலேயே நின்றுகொண்டு "சுயுன்ச்சு குடுக்கா, குடுத்தாத்தான் சேதி சொல்வேன்" என்றான். நல்ல சேதி கொண்டு வந்தவனுக்கு இல்லையென்று சொன்ன வீடு நம் தெருவில் உண்டா, என்ன வேண்டுமோ எடுத்துக்கொள்ளடா என்றேன். பேரன் பிறந்திருக்கிறான் என்றான். எனக்குத் தலைகால் புரியவில்லை, மாவுக் கையோடு அவனைக் கட்டிக்கொண்டேன். ஆட்டுக்குட்டி கேட்பான் என்று பார்த்தால் நம் வோல்கா கார் சாவியைக் கேட்டான், "கியர் அழுவுதே, சரிபண்ணித் தரேன்" என்று. கொடுத்துவிட்டு, மாவை வெட்டி போர்சோக் பொரித்துத் தெருவுக்கெல்லாம் பங்கிட்டேன்.

வண்டி திரும்பி வந்தபோது ஸ்டீயரிங் பக்கத்திலிருந்த கியர் கோலைக் காணோம். பழைய மூன்று கியர் பெட்டியை இறக்கிவிட்டு, பிந்தைய மாடல் வோல்காவின் ஐந்து கியர் பெட்டியை ஏற்றியிருக்கிறான். அதற்காகத் தரையில் ஓட்டை போட்டு நடுவில் கோலை நட்டு, முன்னால் இருந்த நீள சீட்டைக் கழற்றி இரண்டு தனிச் சீட்டு போட்டிருக்கிறான். நன்றாகத்தான் ஓடுகிறது, ஏரிக்கரை ரோட்டில் சத்தமே இல்லை, நான் மறுக்கவில்லை. ஆனால் பக்கவாதம் வந்ததிலிருந்து அப்பாவை வெந்நீர் ஊற்றுக்கு எப்படிக் கூட்டிப் போகிறேன் என்று உனக்குத் தெரியாதா? என்னை ஒட்டி உட்கார்ந்து தோளில் சாய்ந்தால்தான் அவர் உடம்பு நிற்கும். அதனால்தானே பெட்டியை மாற்றலாமா என்று நீ கேட்ட தடவையெல்லாம் வேண்டாம் என்றேன். நேற்று பழக்கத்தில் சாய்ந்தவர் அந்தக் கோல்மேல் விழுந்தார், நான் தள்ளிவிட்டதாக நினைத்து வழியெல்லாம் என் முகத்தையே பார்க்கவில்லை. பெல்ட் போட்டுக் கட்டிவிடலாம் என்கிறான் உன் மாமா, அவர் என்ன மூட்டையா.

அதைக்கூடப் பொறுத்திருப்பேன். சண்டைக்குப் போனால் அவன் சொல்கிறான், "எம்மேல ஏன் பாயறே, உம்புள்ளயக் கேளு. கேட்டா அம்மா சாவி தராது, பெட்டி பிஷ்கெக்லேருந்து வந்து சேர்ற வரைக்கும் குழந்த பொறந்ததச் சொல்லாதன்னு அவன்தான் சொன்னான்" என்று. நான் போன் செய்தபோதெல்லாம் "இன்னும் இல்லம்மா" என்றாயே கனிபெக், அப்போது பிள்ளை உன் பக்கத்தில்தானே தூங்கிக்கொண்டிருந்தான்? எனக்கு நல்லது செய்யத்தான் நினைத்தாய், தெரியும். ஆனால் என் பேரனைத் தூண்டில் புழுவாக்கிவிட்டாய். ஊரார் செய்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போயிருப்பேன்.

பழைய பெட்டியும் சீட்டும் மாமா வீட்டுக் கொட்டகையில் கிடக்கின்றன. கோடையில் வந்து உன் கையாலேயே பழையபடி மாட்டிக் கொடு. நஸ்கென்னுக்கு ஆட்டுச் சூப்பு வைத்துக் கொடு, ஜன்னலோரம் பிள்ளையைக் கிடத்தாதே. அவன் நூறு வயது வாழட்டும். உனக்கும் என் ஆசி உண்டு, பெற்றவள் வேறென்ன செய்வேன்.

ஒன்று மட்டும் மறக்காதே. நாற்பதாம் நாள் பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டுமே, என்றைக்குப் பிறந்தான் என்று அப்பா குழறிக் குழறிக் கேட்டார். சேதி வந்த அன்றுதான் என்று சொல்லிவிட்டேன். அந்த நாளிலிருந்து தினமும் நல்ல கையால் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருக்கிறார். அவரிடம் பேசும்போது உண்மையைச் சொல்லிவிடாதே.

உன் அம்மா,
புருல்சா