முன்விளிம்பு இல்லாத தட்டு

நயினை அம்மன் துணை

என்ர குஞ்சு,

மேசையில் நீங்கள் இருவரும் விளையாடும் போர் விளையாட்டின் படம் பார்த்தேன். உன் வீட்டுக்காரர் பொம்மைச் சிப்பாய்களை ஒவ்வொன்றாய் நகர்த்துவதால் அவருக்குக் கை உளைகிறது, படை முழுவதையும் ஒன்றாய்த் தள்ள ஒரு தட்டு வேண்டும் என்றாய். அலுமாரி செய்து மிஞ்சிய ஒட்டுப்பலகையில் நானே செய்தேன். தாம்பாளம் மாதிரி நாலு பக்கமும் மெல்லிய பனைமரச் சிலாகையில் விளிம்பு ஒட்டினேன்.

மத்தியானம் கண்ணயர்ந்தபோது ஒரு கனவு. அந்தத் தட்டு எங்கள் குறிகட்டுவான் படகுத்துறைக்கு மிதந்து வருகிறது. கடல் பால் போலக் கிடக்கிறது. சிப்பாய்களுக்கு நடுவே உன் வீட்டுக்காரரும் நிற்கிறார். விளிம்பு உயரம் என்பதால் ஒருவருக்கும் கரையில் இறங்க ஏலவில்லை.

அப்பாவிடம் சொன்னேன். உன் கலியாணத்துக்குப் பிறகு உங்கள் கதை எடுத்தாலே எழும்பிப் போகிறவர், இருந்து கேட்டார்.

"இஞ்சேரும், முன்னுக்கும் அடைச்சு வைச்சா அவையள் எப்பிடி இறங்கிறது?"

சிரித்துக்கொண்டே கத்தியெடுத்து முன்விளிம்பைப் பெயர்த்தார். விளையாட்டுக்கு அது சரியோ பிழையோ தெரியாது. பிறகு தட்டைத் தடவியபடி, "மருமோனிட்ட இன்னும் எத்தினை படை இருக்காம்?" என்றார்.

நான் குசினிக்குள் போய், எரியாத அடுப்பை ஊதிக்கொண்டு நின்றேன்.

வெறுந்தட்டு அனுப்பக் கூடாதென்று இந்தப் பார்சலில் அம்மன் விபூதியும் வைத்திருக்கிறேன். அப்பா செய்யப்போகும் மிச்சத் தட்டுகளுக்கு அளவு எழுதி அனுப்பாதே. அப்பாவுக்கு எழுத்தில் விளங்காதாம். மருமகனே நேரில் வந்து காட்டட்டுமாம்.

உங்கள் இருவருக்கும்,
அம்மா