வாக்கு எண்ணும் சத்தம் என் பேத்திக்குக் கேட்கவில்லை

அன்புக்கும் ஓயாத வாக்குவாதத்துக்கும் உரிய என் சம்பந்தி எஃபுவா அம்மாவுக்கு,

உங்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. தெரிந்த ஒரே தமிழ்ச் சொல் 'சம்பந்தி'. என் மகள் சுதாவுக்கும் உங்கள் மகன் க்வேசிக்கும் கல்யாணம் நடந்த அன்று அதைக் கற்றுக்கொண்டு, கடைசி வரை என்னை அப்படியே கூப்பிட்டீர்கள். இந்தக் கடிதத்தை நான் ஆங்கிலத்தில் எழுதியிருக்கலாம். கான்வென்டில் படித்த ஆங்கிலம் எனக்கு. அதில் நான் லேசில் தோற்றதில்லை. அதனாலேயே அதில் எழுதப் பயமாக இருந்தது. மூன்றாவது வரிக்குள் நியாயம் என் பக்கம் வந்துவிடும்.

இன்னொரு காரணமும் உண்டு. நான் சொன்ன பொய்யைத் தமிழர்கள் நடுவில்தான் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவர்கள் படிக்கிற இந்தப் பத்திரிகையிலேயே உண்மையையும் சொல்வதுதான் முறை.

முதலில் வீட்டுச் சேதி. நம் பேத்தி அரபாவுக்கு முன்பல் முளைத்துவிட்டது. உங்களைப் போலவே நடுவில் சின்ன இடைவெளி. பிறந்த கிழமையை வைத்துப் பெயரிடும் உங்கள் வழக்கப்படி, செவ்வாய்க்கிழமை பிறந்ததால் நீங்கள் வைத்த பெயரைத்தான் பள்ளிக்கூடத்தில் சொல்கிறாள். நான் வைத்த மீராவை என்னிடம் மட்டும் சொல்கிறாள். தமிழில் கேட்டால் இப்போதும் இங்கிலீஷில்தான் பதில்.

படிக்கிறவர்களுக்கு நம் கதை தெரியாது. உங்களுக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கல்யாணமான புதிதில் நானும் என் கணவரும் கானா நாட்டில், உங்கள் கேப் கோஸ்ட் ஊரில், ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியர்களாக இருந்தோம். ஒரு நாள் காலை ரேடியோவில் ராணுவ பாண்டு வாத்தியம் கேட்டது. பிறகு ஒரு குரல், அரசாங்கம் போய்விட்டது என்றது. அந்த வாரம் பள்ளி வாசலில் ஒரு சிப்பாய் என் கைப்பையைத் தரையில் கவிழ்த்துத் துப்பாக்கி முனையால் கிளறினான். சில மாதங்களில் ஊரைவிட்டுக் கிளம்பினோம். பல வருடம் கழித்து, இங்கே நியூஜெர்சியில் கல்லூரியில் படித்த என் மகள், "என் அம்மா அப்பா உங்க ஊர்ல டீச்சரா இருந்தாங்க" என்று ஒரு பையனிடம் பேச்சுக் கொடுத்தாள். அந்தப் பையன் உங்கள் மகன்.

நீங்கள் அந்த ஊரிலேயே இருந்தீர்கள். நான் அந்தச் சிப்பாயின் நினைப்பைச் சுமந்துகொண்டு வந்துவிட்டேன். இத்தனை வருடமும் கானா என்றால் எனக்கு அவன்தான்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் போனில் முகம் பார்த்துப் பேசுவோமே, அதில் பாதி நேரம் அரசியல்தான். நீங்கள் ஆளும் கட்சி. ஒரே வீட்டில் இருக்கும் உங்கள் தங்கை எதிர்க்கட்சி. தேர்தல் நெருங்கிய ஒரு ஞாயிறு நான் சொன்னேன்: "தோற்றவன் பேசாமல் வீட்டுக்குப் போகமாட்டான், சம்பந்தி. உங்கள் ஊரை எனக்குத் தெரியும்."

"உங்களுக்குத் தெரிந்தது நீங்கள் விட்டுப்போன ஊர்" என்றீர்கள். "நீங்கள் போய்விட்டீர்கள். நாங்கள் இங்கேயே இருந்து, வரிசையில் நிற்கவும் தோற்கவும் கற்றுக்கொண்டோம். நானும் என் தங்கையும் ஒரே அடுப்பில் சமைக்கிறோம். அவள் கஞ்சியில் நான் இன்னும் விஷம் வைக்கவில்லை."

பின்னாலிருந்து உங்கள் தங்கை ஏதோ கத்தினார். நீங்கள் திரும்பிப் பார்த்துவிட்டு, "அவள்தான் என் கஞ்சியில் உப்பை அள்ளிப் போடுகிறாளாம்" என்றீர்கள். பிறகு என்னிடம், "அதிருக்கட்டும், நீங்கள் குடியிருக்கிற நாட்டில் எல்லோரும் முடிவை உடனே ஒப்புக்கொண்டுவிடுகிறார்களா?" என்று கேட்டீர்கள்.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த க்வேசி சிரித்துவிட்டான். மருமகன் என் முகத்துக்கு முன்னால் சிரித்தான். நான் பேச்சை மாற்றினேன்.

அன்றைக்குத்தான் உங்கள் ஆசையைச் சொன்னீர்கள். வீட்டுக்குப் பக்கத்துத் தொடக்கப் பள்ளியில் நீங்கள் கட்சியின் பூத் ஏஜென்ட். வாக்குப்பதிவு முடிந்ததும் அங்கேயே, எல்லோர் முன்னிலையிலும் எண்ணுவார்கள். அதிகாரி ஒவ்வொரு சீட்டாகத் தூக்கிக் காட்டக் காட்டத் தெருவே சேர்ந்து உரக்க எண்ணும். "அரபா என் பக்கத்தில் நின்று எண்ணட்டும். அவளுக்கு நான் வேறு என்ன காட்டப்போகிறேன்?" என்றீர்கள். க்வேசி டிக்கெட் பார்க்க ஆரம்பித்தான். தேர்தலுக்குப் போய், கிறிஸ்துமஸ் முடித்துத் திரும்புவதாகத் திட்டம்.

எனக்குப் பயமாக இருந்தது உண்மை. ஆனால் பயம் மட்டும் என்று எழுதினால் அதுவும் பொய். வாதத்தில் உங்களிடம் தோற்றுவிட்டேன், அதுவும் மருமகன் எதிரில். அதைத் தாங்க முடியவில்லை.

மறுநாள் சுதாவிடம், மாம்பலத்து ஜோசியரைக் கேட்டதாகச் சொன்னேன். குழந்தைக்கு நேரம் சரியில்லை, தை பிறந்த பிறகுதான் கடல் தாண்டலாம் என்று அவர் சொன்னதாகச் சொன்னேன். நான் எந்த ஜோசியரையும் கூப்பிடவில்லை, சம்பந்தி. என் வாழ்நாளில் கூப்பிட்டதில்லை.

"அம்மா, நீயே ஜாதகத்தை நம்பமாட்டியே?" என்றாள் சுதா.

"நான் நம்பறேன், நம்பலை, அது வேற. குழந்தைன்னு வரும்போது பாக்கணும்."

"டிக்கெட் புக் பண்ணப் போறோம்மா. அவங்க எவ்ளோ ஆசையா இருக்காங்க தெரியுமா?"

"எனக்கென்ன, சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டேன். நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா என்னைக் கேக்காதே."

இந்தக் கடைசி வாக்கியத்தைத் தாண்டிப் போகிற தாய் எங்களவர்களில் யார் இருக்கிறாள்? ஆபீஸில் நூறு பேரை மேய்க்கிறவள் என் மகள். அன்றைக்கு அடங்கிப்போனாள். க்வேசி தலையை அசைத்துவிட்டு லேப்டாப்பை மூடினான். கோயில் கேன்டீனில் இதைச் சொன்னபோது சுதாவின் தோழி ஒருத்தி, "நல்ல வேளை ஸ்டாப் பண்ணீங்க ஆன்ட்டி. அந்த ஊர்ல எலக்‌ஷன்னா அவ்ளோதான்" என்றாள். சாம்பார் வடையோடு அந்தப் பாராட்டையும் விழுங்கினேன்.

தேர்தலுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நீங்கள் போனில் வந்தபோது உங்கள் தொண்டை கட்டியிருந்தது. பின்னால் உங்கள் தங்கை ஆடிக்கொண்டிருந்தார். "சம்பந்தி, என் வாயாலேயே எண்ணி என் கட்சியைத் தோற்கடித்தேன். எண்ணி முடித்து முடிவுத்தாளில் கையெழுத்தும் போட்டேன்" என்றீர்கள். தேர்தல் ஆணையம் அறிவிப்பதற்கு முன்பே உங்கள் கட்சி வேட்பாளர் வெற்றி பெற்றவரைப் போனில் அழைத்து வாழ்த்திவிட்டார் என்றும் சொன்னீர்கள்.

நான் என்ன சொன்னேன்? "பொழுது சாயட்டும், பார்க்கலாம்" என்றேன். இரண்டொரு இடத்தில் கலவரம் என்று செய்தியில் வந்ததை எடுத்து நீட்டினேன்.

"ஆமாம், அது எங்களுக்கு வெட்கம்தான்" என்றீர்கள். "ஆனால் எங்கள் தெருவில் எல்லோரும் தூங்கப் போய்விட்டார்கள். தோற்றதில் எனக்கு வருத்தம் இல்லையா? இருக்கிறது. காலையில் தங்கை முகத்தைப் பார்க்கவே எரிச்சலாக இருந்தது. பார்த்துத்தானே ஆக வேண்டும்? நாளைக்கு நாங்கள் எதிர்க்கட்சி. அதுவும் ஒரு வேலைதான்." பிறகு குரலைத் தணித்து, "ஊர் அமைதியாக இருக்கிறது, சம்பந்தி. கிறிஸ்துமஸுக்காவது குழந்தையை அனுப்புகிறீர்களா?" என்று கேட்டீர்கள்.

இங்கேதான் நான் நின்றுபோகிறேன். அப்போதும் நாள் இருந்தது. ஊருக்குப் பயந்து தடுத்திருந்தால், ஊர் அமைதியாகிவிட்டது, போய் வாருங்கள் என்று சொல்லியிருக்கலாம். நான் சாக்குச் சொன்னது நட்சத்திரத்தை. உங்கள் நாட்டின் தேர்தல் முடிவைப் பார்த்து நட்சத்திரம் மாறுமா? பொய்யைத் திரும்பப் பெற ஒரே வழி, தோற்றேன் என்று சொல்வது. "தை பிறக்கட்டும்" என்றேன்.

நீங்கள் வற்புறுத்தவில்லை. ஏன் வற்புறுத்தவில்லை என்று அப்போது நான் யோசிக்கவே இல்லை.

தை பிறந்தபோது சுதாவுக்கு லீவு இல்லை. கோடை விடுமுறைக்குப் போகலாம் என்றார்கள். ஈஸ்டருக்கு முன்னால் ஒரு காலை, உங்கள் தங்கை எழுப்பியபோது நீங்கள் எழுந்திருக்கவில்லை.

முழங்கால் வலி என்று சொல்லி நான் சாவுக்கு வரவில்லை. அரபாவை அழைத்துப்போனார்கள். கைக்குழந்தையாக அவளை நீங்கள் இங்கே வந்து குளிப்பாட்டியது அவளுக்கு நினைவில்லை. நினைவு தெரிந்து அவள் உங்களை நேரில் பார்த்தது அலங்கரித்துக் கிடத்தியிருந்த அன்றைக்குத்தான். திரும்பி வந்து என் மடியில் சாய்ந்துகொண்டு இங்கிலீஷில் சொன்னாள்: "பாட்டி, அவங்க போன்ல வர்ற மாதிரியேதான் இருந்தாங்க. ஆனா என் பேரைச் சொல்லலை."

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. போன ஞாயிறு, உங்கள் முதலாம் ஆண்டு நினைவுக்குப் போவது பற்றிச் சாப்பாட்டு மேஜையில் பேச்சு வந்தது. நானும் வருகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். உங்கள் வீட்டு வாசலில் எந்த முகத்தோடு நிற்பேன்? குழந்தையை மாடிக்கு அனுப்பிவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

"நீ தோத்தது ஒரு ஆர்க்யுமென்ட்லம்மா. அதுக்கு என் குழந்தையை எடுத்துக்கிட்டியா?" என்றாள் சுதா.

க்வேசி எழுந்து தன் தட்டைக் கழுவினான். துடைத்து வைத்தான். என் பக்கம் திரும்பாமலே சொன்னான்: "டிக்கெட் போடலைன்னதும் என் அம்மா என்னோட சண்டை போட்டாங்க. நான் உங்களுக்காகப் பேசினேன், அம்மா. அது அவங்க வழக்கம், நாம மதிக்கணும்னு சொன்னேன். என் அம்மா யோசிச்சுட்டு, 'நமக்குப் பிறந்த கிழமை மாதிரி அவங்களுக்கு நட்சத்திரம் போல. சரி, நான் வற்புறுத்தமாட்டேன்'னு சொல்லிட்டாங்க."

வற்புறுத்தாத காரணம் அதுதானா, சம்பந்தி? நான் நம்பாத ஒன்றை நீங்கள் எனக்காக மதித்தீர்களா? தங்கையின் கட்சிக்குக் கொடுத்த மரியாதையை என் பொய்க்கும் கொடுத்தீர்களா?

நானும் வரட்டுமா என்று க்வேசியிடம் கேட்டேன். "இந்த முறை வேண்டாம், அம்மா" என்றான். குரலை உயர்த்தவில்லை. உங்கள் வளர்ப்பு.

என் வழக்கம் உங்களுக்குத் தெரியும். சுதாவைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசியிருப்பேன். ரத்தக்கொதிப்பு என்று படுத்திருப்பேன். சென்னையிலிருக்கும் என் தம்பியை விட்டுப் பேசச் சொல்லியிருப்பேன். எதையும் செய்யவில்லை. "சரிப்பா" என்றேன். இந்த வயதில், ஒரு வார்த்தைக்கு மேல் பேசாமல் நான் ஒப்புக்கொண்ட முடிவு இது ஒன்றுதான்.

முதலாம் ஆண்டு நினைவுக்கு உங்கள் வழக்கப்படி அணிகிற வெள்ளை உடையை அங்கே தைக்கக் கொடுத்திருக்கிறார்கள். அரபா நாளைக்குக் கிளம்புகிறாள். அவளிடமும் சொல்லிவிட்டேன், அவளுக்குப் புரிகிற மாதிரி. இன்று அவள் என் மடிக்கு வரவில்லை. அதையும் நான் கேட்கப் போவதில்லை.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். க்வேசி 'வாங்க' என்று சொல்கிற வருடம் வருவேன். உங்கள் வீட்டு முற்றத்தில், உங்கள் தங்கை எதிரில், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி இதைச் சொல்வேன். அவன் சொல்லாமலே போனால், மறு எண்ணிக்கை கேட்கமாட்டேன்.

உங்களிடம் தோற்ற,
உங்கள் சம்பந்தி
ருக்மணி
பிரிட்ஜ்வாட்டர், நியூஜெர்சி